முதலாளிக்கு அட்வான்ஸ் கிடையாது

ஏப்ரல் 1, செவ்வாய்

இந்த டைரி பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. மூன்று மாதமாக லேத் மெஷின் பக்கத்தில் டீ கிளாஸ் வைக்கும் பலகையாக இருந்தது. இன்று முதல் எழுதச் சொல்லி ஆடிட்டர் உத்தரவு.

ஆடிட்டர் என்றால் ஷர்மிளா பானு மேடம். அவருக்கு வயது முப்பத்திரண்டு. நான் பட்டறை ஆரம்பித்தே இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்தால் எனக்குக் கை வியர்க்கிறது.

விஷயம் இதுதான். கோயமுத்தூர் கணபதியில் நாங்கள் பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் சென்னியப்பன் விற்கப்போகிறார். பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போகிறாராம்.

"மொதல்ல உங்களுக்குத்தானுங் மயில்சாமி. ஐப்பசி முடியறதுக்குள்ள கிரயம் பண்ணிப்போடணும். அதுக்கு மேல காத்திருக்க முடியாதுங்" என்றார்.

விலை முப்பத்தெட்டு லட்சம். பத்திரச் செலவு மூன்று. எங்களிடம் இருப்பது பன்னிரண்டு. மீதிக்கு வங்கிக்குப் போனேன். "ஆறு மாசச் சம்பளச் சீட்டு கொண்டாங்க சார்" என்றார்கள். நான் சம்பளம் கொடுப்பவன் ஐயா, வாங்குபவன் இல்லை! பம்பின் தண்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் கடைந்து கொடுக்கும் கம்பெனி என்னுடையது. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பால், கேஸ், மகள் மிருதுளாவின் ட்யூஷன் எல்லாம் கம்பெனிப் பணத்தில் போகும். கம்பெனிக்கு முடை என்றால் என் சட்டைப்பையிலிருந்து போகும். இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது.

"கம்பெனியும் நானும் ஒண்ணுதான் மேடம்" என்றேன்.

"இல்ல சார். ரெண்டு வருஷம் முன்னாடி பிரைவேட் லிமிடெட் ஆக்கினப்பவே அது தனி ஆள் ஆயிடுச்சு. அதோட பாக்கெட்டுல நீங்க கை விடக்கூடாது. இனி நீங்க அங்க வேலை பாக்கறவர். மாசா மாசம் ஏழாந்தேதி சம்பளம். அதுக்கு வெளிய ஒரு ரூபா எடுத்தாலும் டைரில எழுதுங்க."

என் சொந்தக் கம்பெனியில் எனக்கே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 3

போர்டு மீட்டிங் நடந்தது. இடம்: எங்கள் வீட்டுச் சமையலறை. எங்கள் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள். ஒன்று நான். சட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் இன்னொன்று என் மனைவி வசந்தாமணி. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாதச் சம்பளமாக அறுபத்தைந்தாயிரம் வரை எடுக்கலாம் என்று ஆடிட்டர் போனில் சொன்னார். வரியும் வராதாம். "சம்பளத்தப் பாத்துத்தான் பேங்க் கடன் குடுக்கும் சார், யோசிச்சுக்கோங்க" என்றும் சொன்னார். நான் கேட்பேனா? வரி வராது என்று சொல்லி வந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். தவிர, மூன்று பேர் இருக்கும் வீட்டில் அப்படி என்ன செலவு? நாற்பதாயிரம் தாராளம். அதையே எழுதினேன்.

வசந்தாமணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"எதுக்கு சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. நாப்பதுனா நாப்பது."

கையெழுத்து என்றதும் ஒன்று எழுதி வைக்கிறேன். நான் எந்தக் காகிதத்தையும் படிப்பதில்லை. கணக்கு எழுதும் ஜெசிந்தா மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு வருவாள். மஞ்சள் இருக்கும் இடத்தில் போடுவேன். மெஷினை நான் பார்க்கிறேன், காகிதத்தை ஜெசிந்தா பார்க்கிறாள். இதுவரை ஒருத்தரிடமும் ஐந்து பைசா கைமாற்று வாங்காமல் நடத்திய கம்பெனி. கோயமுத்தூரில் இதை எத்தனை பேர் சொல்ல முடியும்?

ஏப்ரல் 11

நேற்று மாலை கேஸ் சிலிண்டர் வந்தது. போனை எடுத்துப் பணம் அனுப்பினேன். கை பழக்கத்தில் கம்பெனிக் கணக்கிலிருந்து போய்விட்டது. இன்று காலையில் முதல் வேலையாக ஜெசிந்தாவிடம் பணத்தைத் திருப்பிக் கட்டினேன். ரசீது கொடுத்தாள். "யாரிடமிருந்து" என்ற இடத்தில் "மயில்சாமி, ஊழியர்" என்று எழுதியிருந்தாள்.

"ஊழியரா?"

"ஆடிட்டர் மேடம் அப்படித்தாங்க எழுதச் சொன்னாங்க சார்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. எட்டு வருடமாக வேலை செய்கிறாள், உள்ளுக்குள் எவ்வளவு சிரித்திருப்பாளோ தெரியவில்லை.

மே 7

முதல் சம்பளம்! வரிசையில் பத்தாவது ஆளாக நின்றேன். பணம் வங்கிக்குத்தான் போகிறது, ஆனாலும் சீட்டைக் கையில் வாங்க வேண்டும் அல்லவா. ஃபோர்மேன் நாச்சிமுத்து எனக்கு முன்னால் நின்றார். பட்டறையின் முதல் நாளிலிருந்து கூட இருப்பவர். அவர் சீட்டையும் என் சீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மொதலாளி, என்னையவிட உங்குளுக்கு ரெண்டாயிரம் கம்மியாட்ட இருக்குதுங்?"

"புதுசா சேந்த ஆளுங் நாச்சிமுத்து. போகப் போக ஏத்துவாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சீட்டைக் கொண்டுபோய் சாமி படத்தின் கீழே வைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் ஐந்து சீட்டு சேர வேண்டும்.

மே 23

கையில் 640 ரூபாய். மாதம் முடிய எட்டு நாள், சம்பளத்துக்குப் பதினைந்து நாள். எங்கே போனது?

மே 24

வசந்தாமணியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வாடகை பதினொன்று. மிருதுளா ப்ளஸ் டூ, அவளுக்கு ட்யூஷன் மட்டும் ஏழரை. மளிகை, பால், கரண்ட். என் அப்பாவின் சர்க்கரை மாத்திரை என் அண்ணன் வீட்டுக்கு மாதாமாதம் போகிறதாம். அனுப்புவது நான்தானாம், எனக்கே தெரியாது. கல்யாணம், காதுகுத்து, சீர் என்று மொய் மட்டும் இந்த மாதம் நாலாயிரத்து ஐந்நூறு. வைகாசி அல்லவா. பிறகு "உங்க முறுக்கு" என்று தனியாக ஒரு வரி.

"முறுக்கு எழுநூறு ரூபாயா?"

"பட்டறைக்குனு சொல்லி டப்பா டப்பாவா எடுத்துட்டுப் போறீங்கல்ல. அங்க யாரு திங்கறாங்கனு எனக்குத் தெரியுமுங்க?"

மொத்தம் ஐம்பத்தெட்டாயிரம். நான் அசந்துபோனேன். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்றேன்.

"நீங்கதான் சனிக்கெழமையானா ரெண்டாயிரம், மூவாயிரம்னு வெச்சுட்டுப் போவீங்களே. அதெல்லாம் செலவுல சேராதுனு நெனச்சீங்களா?"

அதைக் கையில் இருக்கும் சில்லறை என்றுதான் நினைத்திருந்தேன். "நாப்பதுனு போடறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

பட்டறைக்கு எடுத்து வைத்திருந்த முறுக்கு டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

ஜூன் 3

குழம்பில் உப்பு இல்லை. சிக்கனம் இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

லேத்தில் புஷ் கடையும்போது வெண்கலச் சீவல் சுருள் சுருளாக விழும். அதைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டி வைப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்கிராப்காரர் வந்து எடை போட்டுக் கையில் பணம் தருவார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்கிராப் காசு என்றால் முதலாளியின் சொந்தக் காசு. பில் கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். தாத்தா காலத்துச் சட்டம் மாதிரி அது.

இன்று 11,400 ரூபாய். என் கையில் புதுநோட்டாக வைத்தார். வீட்டில் இன்று காலை பால்காரர் இரண்டாவது முறையாக ஞாபகப்படுத்தியிருந்தார். ஜெசிந்தா சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் பணத்தைச் சட்டைப்பையில் வைத்தேன். வாசல் வரை போனேன். பெட்டிக்கடை வரை போனேன். அங்கே ஒரு டீ குடித்தேன். டீக்குக் காசு கொடுக்கக் கையைப் பையில் விட்டபோது அந்தப் புதுநோட்டுத்தான் வந்தது. எனக்கு என்னவோ வேறு யார் பையிலோ கைவிட்ட மாதிரி இருந்தது.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். ஜெசிந்தா ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

"ஸ்கிராப் வித்தது. பில் போட்டு வரவு வைம்மா."

அவள் வண்டியை நிறுத்தினாள். என்னையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எட்டு வருஷத்துல மொதல் தடவைங்க சார்" என்றாள்.

டீக்காசு இன்னும் பாக்கி.

ஜூன் 24

மானம் போன நாள்.

வேறு வழியில்லாமல் ஜெசிந்தாவிடம் போய், அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள், மூவாயிரம் அட்வான்ஸ் கொடு என்றேன். முறைப்படி எழுத்தில் கொடுத்தேன். அவள் படித்தாள். பிறகு சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு நோட்டீஸ். "20-ஆம் தேதிக்கு மேல் அட்வான்ஸ் கேட்க வேண்டாம். – நிர்வாகம்." என் கையெழுத்துத்தான், சிவப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில். மூன்று வருடம் முன்பு நானே எழுதி ஒட்டியது. ஒட்டிய அன்று எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தனபால் ஞாபகத்துக்கு வந்தான். இரண்டாவது லேத்தில் நிற்பவன். போன வருடம் ஒரு இருபத்தைந்தாம் தேதி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்து நின்றான். இதே சுவரை நான் இதே மாதிரிக் காட்டினேன். அவன் மெஷினுக்குத் திரும்பிப் போனான். அன்று எனக்கு அது ஒழுங்குமுறை என்று பட்டது. இன்று வெட்கமாக இருக்கிறது. சம்பளம் வாங்குபவனுக்கு இருபதாம் தேதிக்கு முன்னால் எதற்கு அட்வான்ஸ்? கையில் காசு தீர்ந்த பிறகுதானே கேட்பான்!

நாற்காலி போட்டு ஏறி நோட்டீஸைக் கிழியாமல் எடுத்தேன். இந்த டைரிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இனி யார் எந்தத் தேதியில் கேட்டாலும் ஜெசிந்தா பார்த்துக் கொடுக்கட்டும். எனக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறு சீட்டு முடியும்வரை சம்பளத்தில் எந்தப் பிடித்தமும் வரக் கூடாது. மூன்றாவது சீட்டு வர இன்னும் பதின்மூன்று நாள். அதுவரை வீட்டுச் செலவை எப்படியோ வசந்தாமணி ஓட்டிவிடுவாள்.

ஜூலை 2

தனபால் டீ வாங்கிக் கொடுத்தான். நோட்டீஸ் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் குடித்தோம்.

ஜூலை 19

மத்தியான வேளையில் வீட்டுக்குப் போனால் தையல் மெஷின் சத்தம்தான். வசந்தாமணி ஜாக்கெட் தைத்து, அதில் ஊசியால் ஆரிப் பூவேலையும் செய்து கொடுக்கிறாள். முன்னால் அக்கம்பக்கத்துக்கு மட்டும்தான், இப்போது சரவணம்பட்டியிலிருந்துகூடக் காரில் வருகிறார்கள். என் சாப்பாட்டு மேஜை மேல் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத்துணி. தட்டு வைக்க இடமில்லை.

"இதுல என்ன கெடைக்குது உனக்கு?"

"என்னமோங்க. பொழுது போகுது."

பொழுதுபோக்குக்கு ஒரு மேஜை போச்சு.

ஆகஸ்ட் 5

பெரிய பம்பு கம்பெனி ஒன்பது லட்சம் தர வேண்டும். தொண்ணூறு நாள் தாண்டியாகிவிட்டது. நாளை மறுநாள் சம்பளம். என்னையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் வேண்டும். கம்பெனிக் கணக்கில் இருப்பது ஒன்று அறுபது.

ஆகஸ்ட் 6

அந்தக் கம்பெனி அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். நல்ல ஏசி. "அடுத்த மாசம் கண்டிப்பா சார்" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, என் சம்பளத்தை இந்த மாதம் நிறுத்திவிடலாம், மீதிக்கு ஸ்கூட்டரை விற்கலாம் என்றேன். வசந்தாமணி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் அப்படி வைப்பது அபூர்வம்.

"ஒரு மாசம் உட்டாலும் சீட்டு அறுந்துபோகுமுங்க. மறுக்கா மொதல்ல இருந்து ஆறு மாசம். சென்னியப்பன் மாமா ஐப்பசி தாண்டிக் காத்திருப்பாங்களா?"

"அதுக்காக? ஆளுகளுக்குக் குடுக்காம நான் வாங்கறதா?"

"அப்படிச் சொல்லலீங்க. ரெண்டும் நடக்கோணும்."

ரெண்டும் நடக்க வேண்டுமாம்! பணம் என்ன, இட்லி மாவா? கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். பிறகு எழுந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7

பத்துப் பேருக்கும் சம்பளம் போனது!

காலையில் ஜெசிந்தாவிடம் ஸ்கூட்டர் ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன். "வேண்டாங்க சார், சமாளிச்சுக்கலாம்" என்றாள். மூன்று மணிக்கு, "சமாளிச்சாச்சுங்க சார், கணக்குல பணம் வந்துருச்சு" என்றாள். பழைய பாக்கி ஏதோ வந்திருக்கும். இதற்கு முன்பும் எத்தனையோ தடவை, கழுத்து வரை தண்ணீர் வந்த நேரத்தில் இப்படித்தான் வந்திருக்கிறது. மருதமலை முருகன் என்னைக் கைவிட்டதே இல்லை.

மதியம் சாப்பிட வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. வசந்தாமணி வேர்த்து விறுவிறுத்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனாளாம். தையல் காசு ஐந்நூறு ஆயிரம் கிடக்கும் பாஸ்புக்குக்கு ஆட்டோச் செலவு வேறு.

சாயங்காலம் வந்து, ஆளுக்கு ஒன்றாக முருகனுக்கு ஒன்பது தேங்காய் உடைக்கப் போகிறேன் என்றேன். "பத்தா ஒடைங்க" என்றாள்.

செப்டம்பர் 9

வங்கி அதிகாரி ஐந்து சீட்டையும் புரட்டிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்குங்க சார். ஆறாவதும் வந்ததும் சாங்ஷன் பண்ணிடலாம்." எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பிறகு கால்குலேட்டரைத் தட்டினார். "நாப்பதாயிரம் சம்பளத்துக்கு இருபத்தி மூணு லட்சம் வரும்."

இருபத்து மூன்றும் பன்னிரண்டும் முப்பத்தைந்து. எனக்கு வேண்டியது நாற்பத்தொன்று.

ஆறு லட்சம் குறைகிறது. அறுபத்தைந்து என்று போட்டிருந்தால் குறைந்திருக்காது. இப்போது ஏற்றினால் புதுச் சம்பளத்துக்கும் ஆறு சீட்டு கேட்பார்கள். என்னைத் திட்ட ஆள் தேவையில்லை, நானே திட்டிக்கொண்டேன். வீட்டில் சொன்னேன். மிருதுளா தன் அறைச் சுவரைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் அவள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்ட சுவர் அது.

செப்டம்பர் 12

ஆடிட்டர் அலுவலகம். போன வருடத்துக் கம்பெனி ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டை, வங்கி கேட்டிருந்தது. மேடம் என் முன்னால் விரித்து வைத்தார். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து, பக்கத்தில் வசந்தாமணி கையெழுத்து. மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த தடம்கூட இருந்தது. புரட்டிய வேகத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது.

"டைரக்டரிடம் பெற்ற கடன்: 5,10,000."

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "மேடம்! நான் கையிலிருந்து போட்டதெல்லாம் இங்க இருக்குது பாருங்க. கம்பெனி எனக்கு அஞ்சு லட்சம் தரணும்!"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கணக்கு கீழ இருக்கு சார். அதுல நீங்கதான் கம்பெனிக்கு நாப்பத்தெட்டாயிரம் தரணும்."

"அப்ப இது யாரு?"

"இன்னொரு டைரக்டர். வசந்தாமணி மேடம். ஆகஸ்டுல போட்ட ஒண்ணு பத்தையும் சேத்தா இன்னைக்கு ஆறு இருபது." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குத் தெரியாதா சார்? வருஷா வருஷம் கையெழுத்துப் போடறீங்களே" என்றார்.

ஆகஸ்ட். ஒன்று பத்து. ஆட்டோ. பாஸ்புக்.

வெளியே வந்து ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். அவள் மறைக்கவில்லை. ஆறு வருடத்தில் இருபத்து மூன்று தடவையாம். சம்பளத்துக்கு முதல் நாள் பணம் குறைந்தால் வசந்தாமணிக்குப் போன் செய்வாளாம். "அம்மா சொல்ல வேண்டாம்னாங்க சார். ஆனா நான் எல்லாத்தையும் கணக்குல எழுதிட்டேங்க. நீங்க படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஒருத்தரிடமும் ஐந்து பைசா வாங்காத கம்பெனி! இதே டைரியில் ஏப்ரல் மூன்றாம் தேதிப் பக்கத்தில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

செப்டம்பர் 13

காலையில் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"இருபத்தி மூணு தடவையா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தவில்லை. "இருபத்தி நாலுங்க. ஒரு தடவை நீங்களே வந்து கைமாத்து கேட்டீங்க. திருப்பிக் குடுத்துட்டீங்க."

"இத்தனை பணம் ஏது?"

"இதுதானுங்க. பொழுதுபோக்கு." ஊசியைக் காட்டினாள். "அப்பறம் நீங்க எண்ணாமக் குடுத்ததுல மிச்சம் புடிச்சதும் கொஞ்சம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல வசந்தா?"

அவள் இப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். "சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க. வாங்காம, ஏழாந்தேதி ஆளுக மூஞ்சியப் பாக்க முடியாம, ஸ்கூட்டரையும் வித்துட்டு நடந்து வந்திருப்பீங்க. எனக்கு அது புடிக்கலீங்க."

கண் கலங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன். முருகனுக்கு உடைத்த தேங்காயை நினைத்தேன். பத்தாவது தேங்காய் பத்தாவது ஆளான எனக்கு என்று இப்போது புரிகிறது.

செப்டம்பர் 14

ஜூன் 3-ஆம் தேதிப் பக்கத்தில் ஓரமாக, பென்சிலில், "அன்று குழம்பு வைத்தது நீங்கள்" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து இல்லை. ஆக, இந்த டைரியையும் ஒரு ஆள் படித்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 26

பம்பு கம்பெனிப் பணம் ஒன்பது லட்சமும் வந்துவிட்டது! ஜெசிந்தா கேக் வாங்கி வந்தாள். செலவு அவளுடையது, கம்பெனிக் கணக்கில் எழுதவில்லை என்று சத்தியம் செய்தாள்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், வீட்டுக்கு வந்து தையல் மெஷினைத் துடைத்து, நானே பொட்டு வைத்து மாலை போட்டேன். நாச்சிமுத்துவும் கூட வந்திருந்தார்.

"இதுவும் நம்ம கம்பெனி மெஷினுங்களா மொதலாளி?"

"இதுதானுங் மொத மெஷின்" என்றேன். வசந்தாமணி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 8

நேற்று ஆறாவது சீட்டு வந்தது. இன்று போர்டு மீட்டிங், அதே சமையலறையில். மூன்று தீர்மானங்கள். டைரக்டர் வசந்தாமணியிடம் பெற்ற கடன் 6,20,000 ரூபாயைக் கம்பெனி உடனே திருப்பித் தருவது. மயில்சாமிக்கு இந்த மாதத்திலிருந்து சம்பளம் அறுபத்தைந்தாயிரம். அவர் கம்பெனிக்குத் தர வேண்டிய நாற்பத்தெட்டாயிரத்தை மாதம் நாலாயிரமாகப் பிடிப்பது.

ஜெசிந்தா மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் சீட்டை எடுத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டு எழுத்துப்பிழையும் கண்டுபிடித்தேன். பிறகு செக்கில் கையெழுத்துப் போட்டு வசந்தாமணியிடம் நீட்டினேன்.

"ஆறு லட்சம் வீட்டுக்குங்க. மிச்சம் இருபதாயிரம் எனக்கு" என்றாள் வசந்தாமணி.

அக்டோபர் 30

கிரயம் முடிந்தது. வீடு எங்களுடையது.

பத்திரத்தில் வசந்தாமணி பெயரை முதலில் எழுதச் சொன்னேன். என் பெயர் இரண்டாவது. பத்திரம் எழுதுபவரை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், புரியாத இடத்தில் நிறுத்தினேன். சென்னியப்பன் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பதினேழு வருஷத்துல வாடகை ரசீதக்கூட நீங்க படிச்சதில்லீங்களே மயில்சாமி!"

"இப்பத்தானுங் படிக்கக் கத்துக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மிருதுளா முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாள். பென்சிலால் புதுக் கோடு போட்டேன். இனி யார் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாலும் அந்தச் சுவரில் அடிக்க மாட்டேன்.

நவம்பர் 23

வங்கிக்கு முதல் தவணை இருபதாயிரம் போனது. நாலாயிரம் பிடித்தம் போனது. ஐப்பசி முகூர்த்தங்களில் மொய் போனது. காலையில் ஸ்கூட்டர் பெட்ரோல் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. பட்டறையில் அட்வான்ஸ் கேட்கலாம். ஆனால் வீட்டிலேயே இருபதாயிரம் வைத்திருக்கும் ஆள் இருக்கும்போது எதற்கு?

"வசந்தா, ஒரு ஐந்நூறு இருந்தாக் குடு. ஏழாந்தேதி தந்தர்றேன்."

தைத்துக்கொண்டே ஃபிரிட்ஜைக் காட்டினாள். ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு மார்க்கர் கொட்டை எழுத்து. "20-ஆம் தேதிக்கு மேல் அட்வான்ஸ் கேட்க வேண்டாம். – நிர்வாகம்." டைரிக்குள் மடித்து வைத்த அதே காகிதம். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"இத நான் கழட்டிட்டேனே!"

"அங்க கழட்டுனீங்க. இது வேற ஆபீசுங்க. ரொம்ப அவசரம்னா எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

மிருதுளா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறி இருமினாள். நான் இந்த டைரியிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினேன். பெயர் மயில்சாமி, ஊழியர். தொகை ஐந்நூறு. காரணம் பெட்ரோல். திருப்பித் தரும் தேதி டிசம்பர் ஏழு. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

மெஷினை நிறுத்திவிட்டு வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.